கடைசியாப் பால் குடுத்த நேரம்

ரெண்டரைன்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லல, வாய் தன்னால சொல்லிருச்சு. எனக்கு முன்னாடி நின்னவ ரெண்டரைன்னா, அவளுக்கு முன்னாடி நின்னவ ரெண்டே முக்கால்னா, நானும் ரெண்டரைன்னுட்டேன். கவுண்டர்ல இருந்த சிஸ்டர் நிமுந்துகூடப் பாக்கல. பிள்ளை பேரு, வயசு, எடை, சளி இருமல் உண்டா, கடைசியாப் பால் குடுத்த நேரம், எல்லாத்தையும் எழுதிக்கிட்டு மூணாம் நம்பர், போய் உக்காருங்கன்னுட்டா. வந்து உக்காந்தாச்சு. ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும், வெளிச்சம் பட்டா பாப்பா முகத்தக் கொண்டுபோய் என் அக்குளுக்குள்ள சொருகிக்கிருவா. இவரு பையையும் ஃபைலையும் மடியில வச்சுக்கிட்டு, சுவத்துல சத்தமில்லாம ஓடுற டிவியப் பாத்துக்கிட்டு இருக்காரு. மணி ஏழேகால். எட்டு மணிக்கு மேல வரிசையா உள்ள கூப்பிடுவாங்க. மயக்க மருந்து குடுத்து, கண்ணத் தொறந்து வச்சு, உள்ள நீர் அழுத்தம் எவ்வளவுன்னு பாப்பாங்க. பதினோரு மாசப் பிள்ளைய முழிப்போட வச்சு அதச் சரியாப் பாக்க முடியாதாம். பால் குடிச்சு நாலு மணி நேரமாவது ஆகணும், மூணு மணிக்கு மேல தாய்ப்பால்கூட ஆகாது, வயித்துல பால் கெடந்தா மயக்கத்துல மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், உசுருக்கே ஆபத்துன்னு நேத்துச் சாயங்காலம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நானும் பெரிய இவ மாதிரி மண்டைய மண்டைய ஆட்டுனேன். ரெண்டரைக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு வயிறு நெறயக் குடுத்தேன். அது நெசம். அதுவரைக்கும் நெசம்.

அப்புறம் எப்பத் தூங்குனேன்னே தெரியல. லாட்ஜுக் கட்டில்ல பாப்பாவ நடுவுல போட்டு, ஒருக்களிச்சுப் படுத்தது ஞாபகம் இருக்கு. முழிச்சப்ப கீழ ரோட்டுல பஸ் உறுமுது, செல்லப் பாத்தா அஞ்சு பத்து. ரவிக்கைக் கொக்கி ரெண்டு அவுந்து கெடக்கு, பாப்பா வாய் மார்ல இருக்கு. பதினோரு மாசமா இதே பழக்கம், அவ லேசா முனகுனாப் போதும், நான் தூங்கிக்கிட்டே இருப்பேன், கை மட்டும் எந்திரிச்சுப் போய்க் கொக்கியத் தேடும். குடிச்சாளா, சும்மா வாயில வச்சுக்கிட்டுத் தூங்குனாளா? இடது மார் தொட்டுப் பாத்தேன், தொவண்டு கெடந்துச்சு. அப்ப குடிச்சிருக்கா. இல்ல, ரெண்டரைக்கே இடதுலதான் குடுத்தேனோ? வலது, வலதுதான் முதல்ல குடுத்தேன், அப்புறம் மாத்தினேன். மாத்தினேனா? கடவாய்ல பால் வழிஞ்ச ஈரம் இருந்துச்சு. முந்தானையால தொடச்சேன். தொடச்சதும் இவரு பொரண்டு படுத்தாரு, என்னான்னு கேட்டாரு, ஒண்ணுமில்ல தூங்குங்கன்னேன். ஒண்ணுமில்லன்னு சொல்றதுல எனக்குப் பட்டமே குடுக்கலாம்.

சொல்லிட்டா என்ன, போய்ச் சொல்ல வேண்டியதுதான, சிஸ்டர் தப்பாச் சொல்லிட்டேன், அஞ்சு பத்துன்னு. சொன்னா அனுப்பிருவாங்க. அதான். போன தடவ வந்தப்ப லேசா மூக்கு ஒழுகுதுன்னு அனுப்பிட்டாங்க, சளியோட மயக்கம் குடுக்க மாட்டோம்னு. அதுக்கு முந்தின தடவையும் அதே சளிதான். இந்த டாக்டர் செவ்வாக்கெழம மட்டும்தான் பிள்ளைகளப் பாக்குறாரு. இடது கண்ணுல இனி ஒண்ணும் பெருசா இல்லன்னு ஏழாம் மாசம் ஆப்பரேசன் பண்ணினப்பவே சொல்லிட்டாரு, வெளிச்சம் இருட்டு தெரிஞ்சா உண்டுன்னு. வலதுலதான் மிச்சம் இருக்கு. அந்த மிச்சத்தக் காப்பாத்தணும்னா அழுத்தம் ஏறாமப் பாத்துக்கணும், ஏறினா அன்னைக்கே மறுபடி கத்தி வைக்கணும், நாளக் கடத்தாதீங்கன்னாரு. ஏற்கெனவே ரெண்டு செவ்வா போச்சு. இன்னொரு செவ்வா போனா? ஒவ்வொரு வாரமும் அந்தக் கண்ணுக்குள்ள எவ்வளவு அவியுதுன்னு யாருக்குத் தெரியும். சொன்னாக் கண்ணு போயிரும், சொல்லலேன்னா உசுரு போயிரும். உசுரெல்லாம் போகாது. அஞ்சு பத்துல இருந்து எட்டு வரைக்கும் மூணு மணி நேரம் ஆகிரும்ல, நாலு மணி நேரம்னு சொல்றது ஒரு கணக்குக்குத்தான. நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியாடி பாண்டீஸ்வரி. ஏலக்காய் பொறுக்கத்தான படிச்சிருக்க.

ஏலக்காய் பொறுக்கின புத்திதான் எல்லாத்துக்கும் காரணம். போடியில குடோன்ல நாப்பது பொம்பளைங்க தரையில உக்காந்து பொறுக்குவோம். வெடிச்சது, வெளுத்தது, பூச்சி கடிச்சதத் தள்ளிட்டு, நல்ல பச்சையா உருண்டையா இருக்கிறத ஒதுக்கணும். எட்டு எம்.எம். சல்லடையில கீழ விழாம நிக்கிறதுதான் முதல் தரம். பெருசா இருந்தா நல்லது, அவ்வளவுதான் நாங்க படிச்ச படிப்பு. பாப்பாவ ரெண்டு மாசத்துல குடோனுக்குத் தூக்கிட்டுப் போனேன், எல்லாரும் பாக்கட்டும்னு. கண்ணா அது, அடேயப்பா, முகத்துல பாதி கண்ணுதான். ஆளாளுக்கு வாங்கி வாங்கிப் பாத்தாளுக. ஒருத்தி, இது எட்டு எம்.எம்.டின்னா. அன்னைலருந்து அதான் பட்டப்பேரு. எங்கடி எட்டு எம்.எம்., எட்டு எம்.எம். பால் குடிச்சிருச்சா. எனக்குப் பெருமை தாங்கல. பேரு வைக்கையில இவரோட அக்கா, எங்க மதினி, குலசாமி பேரு வைக்கணும்னு நின்னாக, நான் ஒத்தக் கால்ல நின்னு நயனிகான்னு வச்சேன், கண்ணழகின்னு. இப்ப அந்தப் பேரக் கவுண்டர்ல சொல்றப்ப நாக்கு ஒட்டிக்கிருது. பாப்பான்னே எழுதிக்கங்கன்னு ஒரு தடவ சொன்னதுக்கு, அந்தச் சிஸ்டரு என்னய ஏற எறங்கப் பாத்தா. உள்ள அழுத்தம் கூடிக் கூடி, பிஞ்சுக் கண்ணு தாங்காம ஊதிப் பெருசாகியிருக்கு. அதத்தான் நாங்க அழகுன்னோம். மிளகாயும் உப்பும் எடுத்து வாரத்துக்கு ரெண்டு தடவ சுத்திப் போட்டோம், ஊர்க் கண்ணு பட்டுரும்னு. அடுப்புல போட்ட மிளகா நெடியே வரல, பாத்தியா எவ்வளவு திருஷ்டின்னு மதினி கையச் சொடுக்குனாக.

ஒச்சம்மா சொன்னா. அவ மட்டும்தான் சொன்னா. எனக்கு நேர் எதுக்க உக்காந்து பொறுக்குறவ, பதினஞ்சு வருசமா பிள்ளை இல்லாதவ. மூணாம் மாசம் ஒரு நா பாப்பாவ மடியில வாங்கி, வாசப்பக்கமாத் திருப்பி, ரொம்ப நேரம் பாத்தா. ஈஸ்வரி, கருமுழி மேல புகை படிஞ்ச மாதிரி இருக்கு, வெளிச்சத்துக்கு இந்தக் கூச்சம் கூசுது, சும்மா சும்மா தண்ணி ஊத்துது, ஒரு எட்டு கண்ணு டாக்டர்கிட்டக் காட்டிரேன்னா. அவ கண்ணு கொள்ளிக் கண்ணா இருந்தா இப்படிச் சொல்லுவாளா? அவ பச்சையில வெளுத்தத ஒரே பார்வையில கண்டுபிடிக்கிறவ, குடோன்லயே அவ கைக்குத்தான் மறுபேச்சுக் கெடையாது. எனக்கு அப்ப அதெல்லாம் தோணல. வெடுக்குன்னு பிள்ளையப் பிடுங்குனேன். பிள்ளை இல்லாதவ வாயில என்ன நல்லது வரும்னு நாப்பது பேரு கேக்கச் சொன்னேன். சொன்னேன், இந்த வாய்தான் சொல்லுச்சு, இப்பக் கூசாம ரெண்டரைன்னு சொன்ன அதே வாய். அவ முறத்த எடுத்துக்கிட்டு வேற வரிசையில போய் உக்காந்துக்கிட்டா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு, பாப்பாவத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாத்தேன். புகை இருந்துச்சு. பால்ல ஒரு சொட்டு தண்ணிப் பாத்திரத்துல விழுந்த மாதிரி, லேசா. பாத்தேன். பாத்துட்டு, தாய்ப்பால் ரெண்டு சொட்டு கண்ணுல பீச்சி விட்டேன், எங்கம்மா எனக்கு விட்டாகளாம், சூடுதான் தணிஞ்சுரும்னு. தினம் விட்டேன். தணியும் தணியும்னு ஆறாம் மாசம் வரைக்கும் விட்டேன்.

முதமுதலா இங்க வந்தப்ப அந்தச் சின்ன டாக்டர் பேனாவத் தூக்கிக்கிட்டுக் கேட்டுச்சு, எப்பலருந்து கவனிச்சீங்கன்னு. பத்து நாளா இருக்கும்னேன். இவரு பக்கத்துல நின்னாரு, மதினி பின்னாடி நின்னாக. பத்து நாள்னு அந்த ஃபைல்ல எழுதிருக்கு, இப்ப இவரு மடியில இருக்குற ஃபைல்ல. முதல் பக்கம். மூணாம் மாசமே வந்திருந்தா இடது கண்ணு தப்பிருக்குமான்னு அந்தச் சின்ன டாக்டர்கிட்டக் கேக்க வாயெடுத்து மூடிக்கிட்டேன். கேட்டா மூணாம் மாசமே தெரியுமான்னு கேப்பாங்கல்ல. அந்தக் கேள்வி அப்படியே தொண்டையில நிக்கிது, நாலு மாசமாச்சு, முழுங்கவும் மாட்டேங்குது துப்பவும் மாட்டேங்குது. ஒவ்வொரு சோத்து உருண்டையும் அதத் தாண்டித்தான் உள்ள போகுது.

பாப்பா சிணுங்க ஆரம்பிச்சிட்டா. பசி. மூக்க வச்சு மார்ல முட்டுறா, வாசனை தெரியுது அவளுக்கு. எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனையுது, இந்த நனைஞ்ச வாசனையில அவ இன்னும் முட்டுறா, என்ன கொடுமை இது. தூக்கி இவருகிட்டக் குடுப்போம், மார் வாசனை இல்லாத ஆளு. இவரு வாங்குறதுக்குக் கைய நீட்டுனாரு, சட்டுன்னு இடுப்பப் பிடிச்சுத் தூக்குனாரு, பாப்பா தூக்கிவாரிப்போட்டு வீறுன்னு கத்திருச்சு. எத்தன தடவ சொன்னாங்க ஜெசிந்தா மிஸ். கீழ்த் தளத்துல பார்வை குறைஞ்ச பிள்ளைகளுக்குன்னு இருக்குற ரூம்ல, சுவரெல்லாம் கருப்பும் வெள்ளையும் பட்ட பட்டயா ஒட்டி வச்சிருக்குற ரூம்ல. பேரச் சொல்லுங்க, நீங்க யாருன்னு சொல்லுங்க, என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க, ஒரு நிமிசம் பொறுங்க, அப்புறம் தொடுங்க. நமக்கு எதுத்தாப்ல வர்ற கை கண்ணுக்குத் தெரியுது, பிள்ளைக்குத் தெரியாது, அதுக்குக் கை திடீர்னு ஆகாசத்துலருந்து வருதுன்னாங்க. பாலாடைய மொதல்ல கையில தொடக் குடுங்க, வீட்டுல கட்டில எடம் மாத்தாதீங்க, வெள்ளச் சேலையில கருப்புக் கட்டம் போட்டு நீங்க ஒரே மாதிரி கட்டுனா, வலது கண்ணு அதப் பிடிச்சுக்கிட்டு அம்மான்னு கண்டுக்கிரும்னாங்க. ரெண்டு சேல எடுத்தேன், இதான் அதுல ஒண்ணு. மிச்சம் இருக்குற பார்வையப் பழக்கப் பழக்கத்தான் மூளை அத வாங்கும்னாங்க. போன மாசம் இந்தக் கட்டத்த விரலால தடவிக்கிட்டே அண்ணாந்து பாத்தா. நெசமாவே என்னயப் பாத்தா. எனக்கு அழுகையே வந்திருச்சு.

இவரு வீட்டுக்குள்ள சொல்லுவாரு, அப்பா வந்திருக்கேன், தூக்கப் போறேன்னு. ஆளு முன்னாடி சொல்ல மாட்டாரு. பஸ்ல, தெருவுல, ஆஸ்பத்திரியிலகூட வாயத் தொறக்க மாட்டாரு. சொன்னா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, எதுக்கு இந்தாளு பிள்ளைகிட்ட வெளம்பரம் பண்றாருன்னு கேப்பாங்க, அப்புறம் கண்ணப் பாப்பாங்க. அந்த ஒரு பார்வையத் தாங்க மாட்டாரு. தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுறவரு, மேல ஏத்தத்துல மூடுபனியில இருவது பேர வச்சுக்கிட்டு வளைவுல வளைவுல திருப்புறவரு, இதுக்குப் பயப்படுறாரு. முன்னெல்லாம் இப்படியா இருந்தாரு. பாப்பா பெறந்த புதுசுல போட்டோ எடுத்துத் தள்ளுனாரு. தூங்குனா ஒண்ணு, கொட்டாவி விட்டா ஒண்ணு, ஜீப்புல வர்ற ஆளுகளுக்கெல்லாம் காட்டுவாரு. அப்புறம் திடீர்னு நிறுத்திட்டாரு. மதினி திருஷ்டின்னு வஞ்சிருப்பாகன்னு நெனச்சேன், கேட்டுக்கல. அவருக்கு மூணாம் மாசக் கதை தெரியாது. தெரிஞ்சா என்ன சொல்லுவாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அதான் பயமே. வஞ்சாக்கூடத் தாங்கிக்கிரலாம், வெளிய போய் ஜீப்புக்குள்ள உக்காந்துக்கிருவாரு.

ஒண்ணாம் நம்பரக் கூப்பிட்டுட்டாங்க. திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளை, ஒன்றரை வயசு, கண்ணாடி போட்டிருக்கான், ரப்பர் வச்சுக் கட்டி. அவங்கம்மா பச்சை அங்கியப் போட்டுவிட்டு உள்ள தூக்கிட்டுப் போனா, வெளிய வந்தப்ப கையில பிள்ளையோட கழட்டுன சட்டை மட்டும் இருந்துச்சு. அத மூக்குல வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. மணி எட்டே கால். அஞ்சு பத்துல இருந்து மூணு மணி அஞ்சு நிமிசம். பாப்பா கத்திக் கத்தி ஓஞ்சு என் தோள்ல விக்கிக்கிட்டு கெடக்கா. விக்குனதுல லேசா வாய்ல ஏதோ வந்துச்சு. முந்தானையால தொடச்சுப் பாத்தேன். வெள்ளையா, தயிர் தயிரா, ரெண்டு திட்டு. கருப்புக் கட்டத்துல பளிச்சுன்னு தெரியுது. ரெண்டரைக்குக் குடிச்ச பால் எட்டேகாலுக்குத் தயிராவா இருக்கும்? எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. மூணாம் மாசமும் இப்படித்தான், கண்ணுக்கு நேரா வெள்ளையாத் தெரிஞ்சுச்சு, தெரியாதுன்னு சொல்லிக்கிட்டேன். ரெண்டாம் நம்பரையும் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டாம் நம்பருக்கு அப்புறம் மூணு.

பச்சை அங்கியக் கையில வச்சுக்கிட்டு வேற சிஸ்டர் வந்துச்சு, வயசானவங்க, கால ஒரு பக்கமாச் சாச்சுச் சாச்சு நடந்து. நயனிகா யாரு. நான்தான்னு எந்திரிச்சேன். அவங்க அட்டையப் பாத்துக்கிட்டே மறுபடி கேட்டாங்க.

"கடைசியா எத்தன மணிக்கும்மா பால் குடுத்தீங்க?"

"அஞ்சு பத்து."

சிஸ்டர் அட்டையப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க. இதுல ரெண்டரைன்னுல்ல இருக்குன்னாங்க. நான்தான் அப்படிச் சொன்னேன், அது பொய்யி, தூக்கத்துல குடுத்துட்டேன், இந்தா இப்பக்கூடக் கக்குனான்னு முந்தானைய நீட்டிக் காட்டுனேன். அதோட நின்னிருக்கணும். வாய் நிக்கல. நாலு மாசமா தொண்டையில நின்னது அது பாட்டுக்கு வெளிய வருது. அந்த ஃபைல்ல முதப் பக்கத்துல பத்து நாள்னு எழுதிருக்கும் சிஸ்டர், அதுவும் பொய்யி, எனக்கு மூணாம் மாசமே தெரியும், ஒருத்தி சொன்னா, நானும் பாத்தேன், அதயும் மாத்தி எழுதிக்கங்கன்னேன். அத மாத்தி எழுதி இப்ப என்ன ஆகப் போகுது, அந்தம்மாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம். பின்னாடி இவரு உக்காந்திருக்காருன்னு முதுகுக்குத் தெரியுது. திரும்பல. சிஸ்டர் ஒண்ணும் வையல. அட்டைய எடுத்துக்கிட்டு உள்ள போனாங்க, அஞ்சு நிமிசம் கழிச்சு வந்தாங்க. நாலு மணி நேரம் முழுசா ஆகணும், அதோட கக்குறதும் நிக்கணும், உங்களக் கடைசி நம்பராப் போட்டிருக்கு, டாக்டர் பன்னெண்டு மணி வரைக்கும்தான், முன்னாடி இருக்குறதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சா இன்னைக்கு, இல்லேன்னா அடுத்த செவ்வான்னாங்க. தண்ணிகூடக் குடுத்துராதீங்கன்னு சொல்லிட்டுப் போறப்ப, நின்னு, உள்ள போனதுக்கப்புறம் சொல்லியிருந்தா என்னம்மா செய்வோம்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

உக்காந்தேன். இவரு டிவியப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. எந்திரிச்சுப் போவாரு, இப்பப் போவாரு, கீழ போய் டீக்கடையில நிப்பாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். போகல. ஃபைலக் கீழ வச்சாரு. செல்ல எடுத்தாரு, எடுத்துச் சும்மா கையில வச்சுக்கிட்டாரு. என்னயப் பாக்காமத்தான் பேசினாரு.

"போட்டோ எடுக்குறத ஏன் நிறுத்தினேன்னு நெனச்ச?"

நான் பாப்பா முதுகத் தட்டிக்கிட்டே இருந்தேன்.

"லைட் அடிச்சு எடுத்தா ஒரு கண்ணு கருப்பா வரும், ஒரு கண்ணு மங்கலா வரும். எடுக்க எடுக்க அழிச்சேன். நீ பாத்துரக் கூடாதுன்னு."

எந்த மாசம்னு கேக்கல. கேட்டு என்ன செய்ய. ஒரே வீட்டுல, ஒரே கட்டில்ல, பிள்ளைய நடுவுல போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சிருக்கோம், ஒச்சம்மா ஒருத்தி மட்டும் நாப்பது பேரு நடுவுல சொல்லிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டா. ஊருக்குப் போனதும் அவ வரிசையில போய் உக்காரணும். என்னன்னு சொல்றதுன்னு தெரியல, போய் உக்காரணும். பாப்பா மறுபடி மார்ல முட்ட ஆரம்பிச்சா, பன்னெண்டு மணி வரைக்கும் இத எப்படிச் சமாளிக்கப் போறேனோ, என் கையெல்லாம் மரத்துப் போச்சு. இவரு எந்திரிச்சு என் முன்னாடி வந்து குத்தவச்சு உக்காந்தாரு. சுத்திலும் பத்து பதினஞ்சு பேரு இருந்தாங்க. தொண்டையச் செருமிக்கிட்டு, ஜீப்புல ஆள் ஏத்துறப்ப கூப்பிடுற அதே கொரல்ல சொன்னாரு, நயனிகா, அப்பா வந்திருக்கேன், இப்பத் தூக்கப் போறேன்னு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவரு கையத் தொடையில வச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டு இருந்தாரு. பாப்பா முட்டுறத நிறுத்தினா, மூஞ்சியத் திருப்பினா, அப்புறம் ரெண்டு கையையும் அவரு பக்கமா நீட்டினா.